பரிசுக் கூடைக் கடை கைமாறும்போது: வாங்குபவரும் விற்பவரும் கவனிக்க வேண்டியவை

கடை கைமாறுவது நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. மளிகைக் கடையோ பாத்திரக் கடையோ கைமாறினால் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. இருக்கும் சரக்கை எண்ணி விலை போடுவோம். கட்டட அட்வான்ஸைக் கணக்கில் சேர்ப்போம். கடையின் பெயருக்கு மேற்கொண்டு ஒரு தொகை பேசி முடிப்போம். ஆனால் உலர்பழக் கூடை, சாக்லேட் கூடை, தீபாவளி கிஃப்ட் பாக்ஸ், கல்யாணச் சீர்த்தட்டு அலங்காரம் என்று நடக்கும் சிறிய பரிசுக் கூடைக் கடைகளுக்கு இந்த வழக்கம் சரிப்பட்டு வருவதில்லை.

இத்தகைய கடைகள் பெரும்பாலும் கணவன் மனைவி இருவராக ஆரம்பித்து நடத்தி வருபவை. வயது ஏறுகிறது, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள் என்பதால் விற்க நினைக்கிறார்கள். வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இளம் வயதினர். விற்பவருக்கு அந்தப் பணம் கடைசிக் காலத்துச் சேமிப்பு. வாங்குபவருக்கோ அது நகையை அடகு வைத்தும் வங்கியில் கடன் வாங்கியும் திரட்டிய முதல். பேச்சு தவறினால் இரண்டு குடும்பங்கள் பாதிக்கப்படுகின்றன. இருவருக்கும் சரக்கு கொடுத்துவரும் மொத்த வியாபாரிகளும் சேர்ந்தே பாதிக்கப்படுகிறோம். ஆகவே இதன் விவரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விற்பனைக்கு வருவது எது?

பரிசுக் கூடைக் கடையில் அலமாரியும் கண்ணாடிப் பெட்டியும் பெரிய விலை பெறாது. முந்திரி, பாதாம், பிரம்புக் கூடை, ரிப்பன், ஜிகினாத்தாள் எல்லாம் யாரும் கடைத்தெருவுக்குப் போய் ஒரே நாளில் வாங்கிவிடக் கூடியவை. கூடை கட்டும் வேலையையும் கைப்பழக்கம் உள்ளவர் சில வாரங்களில் கற்றுக்கொள்வார். அப்படியானால் மேற்கொண்டு கொடுக்கும் பணம் எதற்கு?

ஆர்டர் நோட்டுக்குத்தான். எந்தக் கம்பெனி போன தீபாவளிக்கு எத்தனை பெட்டி வாங்கியது, எந்த டாக்டர் வீட்டில் புத்தாண்டுக்குக் கூடை கேட்பார்கள், எந்தக் கல்யாண மண்டபத்து மேனேஜர் பெண் வீட்டாரை அனுப்பி வைக்கிறார் என்ற விவரங்கள் அடங்கிய அந்த நோட்டுதான் கடை. இன்று அந்த நோட்டின் பாதி கைபேசிக்குள் இருக்கிறது. ஆகவே வாட்ஸ்அப் எண்ணும் இன்ஸ்டாகிராம் பக்கமும் கடையோடு சேர்த்து எழுதப்பட வேண்டும். கடையைக் கொடுத்துவிட்டு எண்ணை விற்பவரே வைத்துக்கொண்டால், வாங்கியவர் கையில் வாடகைக் கட்டடம் மட்டுமே மிஞ்சும்.

நோட்டைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. கடைசி மூன்று தீபாவளிகளின் ஆர்டர்களைப் பெயர் பெயராக எழுதி, மூன்று வருடமும் வாங்கியவர்களைத் தனியாகக் குறியுங்கள். அவர்கள்தான் நிலையான வாடிக்கை. ஒரு முறை வந்து போனவர்களுக்கு விலை கொடுக்க வேண்டாம். ஒரே கம்பெனி மொத்த வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால் எச்சரிக்கை தேவை. அங்கே கொள்முதல் பார்ப்பவர் மாறினால் ஆர்டரும் மாறும். அந்தக் கம்பெனியில் விற்பவரின் மைத்துனர் வேலை பார்க்கிறாரா என்றும் விசாரிக்க வேண்டும். உறவுக்காக வந்த ஆர்டர் உறவோடுதான் போகும்.

லாபமா, சம்பளமா?

விலை பேசும்போது பெரிய தகராறு வருவது இங்கேதான். ஒரு கணக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு கடையின் வருட விற்பனை 48 லட்சம் ரூபாய். இதில் தீபாவளிக்கு 22 லட்சம், கல்யாணத் தட்டுகளில் 14 லட்சம், புத்தாண்டு பொங்கலுக்கு 6 லட்சம், மற்ற நாட்களில் 6 லட்சம். சரக்கு விலை போகக் கையில் நிற்பது நூற்றுக்கு 30 வீதம் 14.40 லட்சம். செலவுகள்: வாடகை 3 லட்சம், இரண்டு ஆட்கள் சம்பளம் 3.60 லட்சம், சீசன் ஆட்கள் 60 ஆயிரம், மின்சாரம் தொலைபேசி 50 ஆயிரம், வண்டிக்கூலி சேதாரம் 50 ஆயிரம், ஆக 8.20 லட்சம். மீதி 6.20 லட்சம்.

விற்பவர் சொல்வார்: "வருட லாபம் 6.20 லட்சம். மூன்று வருட லாபம் கொடுங்கள், 18.60 லட்சம்." அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்வையில் அதுதான் லாபம். ஆனால் அந்தத் தொகைக்குள் அவர் வருடம் முழுவதும் காலை முதல் இரவு வரை நின்ற கூலி இருக்கிறது. அவருடைய மனைவி கூடை கட்டிய கூலியும் இருக்கிறது. அவ்வளவு வேலைக்கு ஆள் வைத்தால் ஒருவருக்கு மாதம் 25 ஆயிரம், இன்னொருவருக்கு 12 ஆயிரம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 4.44 லட்சம் போகும். மீதி 1.76 லட்சம். கடையில் போட்ட முதல் 6 லட்சத்துக்கு நூற்றுக்கு 12 வட்டி என்று 72 ஆயிரத்தையும் கழித்தால் மீதி 1.04 லட்சம்.

கணக்குப் பதிவியல் பாடத்தில் இதைத்தான் 'உயர் லாபம்' என்கிறார்கள். கடையின் நற்பெயருக்கான விலையை இதன் மேல்தான் கணக்கிட வேண்டும். மூன்று வருடத்துக்கு 3.12 லட்சம். 18.60 லட்சம் எங்கே, 3.12 லட்சம் எங்கே! இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடும் இளைஞர், தன்னுடைய வருங்காலச் சம்பளத்தைத் தானே முன்பணம் கொடுத்து வாங்குகிறார்.

இன்னொன்று. "கணக்குப் புத்தகத்தில் 30 லட்சம்தான் இருக்கும், நிஜத்தில் 48 லட்சம் ஓடுகிறது" என்று விற்பவர் காதோடு காதாகச் சொன்னால், 30 லட்சத்துக்கு மட்டுமே விலை பேசுங்கள். எழுதாத விற்பனைக்கு அத்தாட்சி கிடையாது. பிற்காலத்தில் வரி விவகாரம் வந்தால் அந்தச் சுமையில் பங்கு மட்டும் வரும்.

சரக்கை எண்ணும் முறை

கொள்முதல் விலை, இன்றைய சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதையே சரக்கின் மதிப்பாக எடுப்பது கணக்கு மரபு. பரிசுக் கூடைக் கடையில் சரக்கை மூன்று குவியலாகப் பிரிப்பது நல்லது.

முதல் குவியல், இன்றே விற்கக்கூடிய நல்ல சரக்கு. இதற்கு பில் விலை கொடுக்கலாம். இரண்டாவது, மெதுவாகப் போகும் கூடை, தட்டு, ரிப்பன் வகைகள். பாதி விலை போதும். மூன்றாவது, சிக்கு வாடை அடிக்கும் முந்திரி, பூச்சி விழுந்த பாதாம், வெயிலில் வெள்ளை பூத்த சாக்லேட், காலாவதித் தேதி நெருங்கிய பாக்கெட்டுகள். இவற்றுக்கு விலை கிடையாது. விற்பவரே எடுத்துக்கொண்டு போகட்டும். முந்திரியையும் பாதாமையும் பெட்டியின் மேல்பக்கம் மட்டும் பார்க்காமல் அடியிலிருந்து எடுத்து உடைத்து வாயில் போட்டுப் பார்க்க வேண்டும்.

விற்பவர் பெயரும் முகவரியும் அச்சடித்த அட்டைப் பெட்டிகளும் மூன்றாவது குவியலைச் சேர்ந்தவைதான். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, முன்கூட்டியே கட்டி விற்பனைக்கு வைக்கும் கூடையின் மேல் பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, உள்ளே இருக்கும் பொருள்கள், அளவு, மாதம் வருடம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். ஆள் மாறினால் பெயரும் மாற வேண்டும். பொட்டலமிடுபவர் என்ற பதிவையும் எடையளவுத் துறையில் புதியவர் தன் பெயரில் செய்துகொள்ள வேண்டும்.

சரக்கு எண்ணும் வேலையைக் கடை மூடிய பிறகு இருவரும் சேர்ந்து, பொதுவான மூன்றாவது ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு, ஒரே இரவில் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

எந்த மாதத்தில் கைமாற்றுவது?

வருடத்தில் பாதி வியாபாரம் ஒரே பண்டிகையில் நடக்கும் தொழிலில், கைமாறும் மாதமும் விலையின் ஒரு பகுதி.

புரட்டாசியில் வாங்குபவர், வாடிக்கையாளர் முகம் தெரியாமல், தீபாவளிச் சரக்குக்கு மொத்தப் பணத்தையும் இறக்க வேண்டியிருக்கும். தீபாவளி முடிந்த கையோடு வாங்குபவரோ கல்லா நிறைந்திருக்கும் நேரத்துக் கூட்டத்தைப் பார்த்து மயங்குவார். நம் அனுபவத்தில் தை பிறந்தபின் கைமாற்றுவதே நல்லது. தீபாவளி, புத்தாண்டு, பொங்கல் மூன்றின் கணக்கும் முடிந்து, உண்மை விற்பனை எழுத்தில் இருக்கும். சரக்கும் குறைவாக இருப்பதால் எண்ணுவது சுலபம். தை, மாசி தொடங்கி ஆனி வரையிலான கல்யாண முகூர்த்தங்களில் சீர்த்தட்டு வேலை பழகலாம். ஆடியில் கல்யாணம் இல்லாததால் அந்த மாதத்தை வாடிக்கையாளர்களை நேரில் போய்ப் பார்க்கப் பயன்படுத்தலாம். கம்பெனிகள் தீபாவளி ஆர்டரை முடிவு செய்யும் ஆவணி, புரட்டாசிக்குள் புதியவர் பழைய முகமாகிவிடுவார்.

விலையை இரண்டு தவணையாகப் பிரித்தல்

வாடிக்கையாளர் திரும்பி வருவாரா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு முழு விலையையும் முதல் நாளே கொடுப்பதால்தான் மனக்கசப்பு வருகிறது. நற்பெயர்த் தொகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கைமாறும் நாளிலும், மறு பாதியை அடுத்த தீபாவளி முடிந்த பிறகும் கொடுப்பது இருவருக்கும் நியாயம்.

மேலே சொன்ன கடைக்கு நற்பெயர்த் தொகை 3 லட்சம் என்று முடிவானதாக வைப்போம். 1.50 லட்சம் இப்போது. நிலையான வாடிக்கையாளர் 60 பேரின் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். அவர்கள் போன தீபாவளிக்கு 12 லட்சத்துக்கு வாங்கியிருந்தார்கள் என்றால், அடுத்த தீபாவளிக்கு 9 லட்சம் அல்லது அதற்கு மேல் வாங்கினால் மீதி 1.50 லட்சம் முழுவதும். 6 லட்சத்திலிருந்து 9 லட்சத்துக்குள் என்றால் 75 ஆயிரம். அதற்கும் கீழே என்றால் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொள்ளலாம்.

இதனால் விற்பவருக்கும் அக்கறை வருகிறது. தானே போன் செய்து, "இனிமேல் தம்பி பார்த்துக்கொள்வார், அதே தரம் இருக்கும்" என்று சொல்வார். விற்பவருக்குப் பாதுகாப்பாக, பட்டியலில் உள்ளவர்களின் பில் நகலைக் காட்ட வேண்டும், சரக்கின் தரத்தைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது தவணைப் பணத்தை இருவருக்கும் பொதுவான ஒருவரிடம் ஒப்படைத்து வைப்பதும் நல்ல ஏற்பாடு. பணம் வங்கி மூலமாகவே போகட்டும். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

எதிரே இன்னொரு கடை

கடையை விற்றுவிட்டு அடுத்த தெருவில் அதே வியாபாரத்தை ஆரம்பிப்பவர்கள் உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் அதற்கு ஒரு விதிவிலக்கும் தருகிறது. நற்பெயரை விற்பவர், வாங்கியவர் அந்தத் தொழிலைச் செய்துவரும் வரை, குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். அந்த எல்லை நியாயமானதாக இருக்க வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் 'நற்பெயர் விற்பனை' என்ற சொல்லும், அதற்கான தொகையும், ஊர் அல்லது வட்டாரத்தின் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். 'தமிழ்நாடு முழுவதும்' என்று எழுதினால் சிறு கடைக்கு அது நியாயமான எல்லையாக நிற்பது கடினம்.

இந்த ஒப்பந்தம் கடையில் வேலை பார்ப்பவரைக் கட்டாது. நாம் பார்த்த ஒரு கைமாற்றத்தில், பத்து வருடம் தட்டு அலங்காரம் செய்த அம்மாள் புதிய முதலாளியிடம் இரண்டு மாதம் இருந்துவிட்டு வீட்டிலேயே வேலையை ஆரம்பித்தார். கல்யாண ஆர்டர்களில் பெரும்பகுதி அவர் பின்னாலேயே போய்விட்டது. அவர் மேல் தவறில்லை. வாங்குபவர்தான் முதல் நாளே அவரிடம் உட்கார்ந்து பேசிச் சம்பளத்தைக் கூட்டியோ பங்கு கொடுத்தோ நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடையோடு சேர்ந்து வரும் வரி

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 85ஆம் பிரிவின்படி, வியாபாரம் கைமாறினால், அந்த நாள் வரையிலான வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றுக்கும் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கைமாறிய பிறகு அந்த வரி தீர்மானிக்கப்பட்டாலும் பொறுப்பு விடாது.

பரிசுக் கூடைக்கு இதில் தனி ஆபத்து உண்டு. பல பொருள்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது கலப்பு விற்பனை. உள்ளே இருப்பவற்றில் எதற்கு அதிக வரியோ அந்த விகிதம் முழுக் கூடைக்கும் பொருந்தும். இதற்குச் சட்டமே கொடுக்கும் உதாரணம் நம் கூடைதான்: டப்பா உணவு, இனிப்பு, சாக்லேட், கேக், உலர்பழம், காற்றடைத்த பானம், பழச்சாறு சேர்ந்த ஒரே பொட்டலம்.

2025 செப்டம்பர் 22க்கு முன் முந்திரிக்கு 5, பாதாமுக்கு 12, சாக்லேட்டுக்கு 18 சதவீதம் வரி இருந்தது. மூன்றும் சேர்ந்த கூடையை 5 அல்லது 12 சதவீதத்தில் பில் போட்டிருந்தால் அது குறைந்த வரி. அந்தத் தேதிக்குப் பின் இவை மூன்றும் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. ஆனால் காற்றடைத்த பானத்துக்கு 40 சதவீதம். கூடையில் அழகுக்காக ஒரு பானப் புட்டியைச் செருகினால் கூடை முழுவதற்கும் 40 சதவீதம் ஆகிவிடும். சென்ட் புட்டி வைத்தால் 18. கம்பெனிகள் பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், இந்த வித்தியாசம் முழுவதும் அவர்கள் செலவாகவே நிற்கும். அடுத்த வருடம் அவர்கள் வேறு கடைக்குப் போய்விடலாம்.

ஆகவே பழைய பில்களை மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் கூடைகளுக்குள் என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும். பழைய வரி எது வந்தாலும் விற்பவரே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், கட்டிய பணத்தை அவரிடம் திரும்பக் கேட்க வழி இருக்கும்.

நடப்பு வியாபாரத்தை மொத்தமாக மாற்றிக் கொடுப்பதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. மீதமுள்ள உள்ளீட்டு வரியையும் ஐ.டி.சி.-02 படிவம் மூலம் மாற்றலாம். ஆனால் கடன் பொறுப்புகளும் சேர்ந்து மாறுவதாக ஒப்பந்தம் இருந்தால்தான் இது நடக்கும். ஆடிட்டர் சான்றும் வேண்டும். சிறிய உள்ளீட்டு வரிக்காகப் பெரிய பொறுப்பை ஏற்பதா என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். விற்பவர் தன் பதிவை ரத்து செய்ய 30 நாட்களுக்குள் விண்ணப்பித்து, ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்ற கடைசி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும்.

கடையோடு தானாக வராதவை

உணவுப் பாதுகாப்பு உரிமம் விற்பவர் பெயரில் உள்ளது. வாங்குபவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். கட்டடமும் அப்படியே. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி கட்டட உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் குடியிருப்பவர் மற்றவருக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கட்டட உரிமையாளரைப் பார்த்துப் புது வாடகை, புது அட்வான்ஸ், எத்தனை வருடம் என்று பேசி முடியுங்கள். கடை கைமாறுகிறது என்று தெரிந்ததும் வாடகையை உயர்த்துபவர்கள் உண்டு. நம் உதாரணக் கடையில் மாதம் 8 ஆயிரம் உயர்ந்தால் வருடத்துக்கு 96 ஆயிரம். உயர் லாபம் 1.04 லட்சத்தில் 8 ஆயிரம்தான் மிஞ்சும்.

மொத்த வியாபாரிகள் கவனத்துக்கு

கடை கைமாறும்போது நம் பாக்கிதான் அந்தரத்தில் நிற்கிறது. பழையவர் "புதியவர் கொடுப்பார்" என்பார். புதியவர் "எனக்குச் சம்பந்தமில்லை" என்பார். செய்தி தெரிந்த அன்றே பழையவரிடம் பாக்கி ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். புதியவர் அதை ஏற்பதாக இருந்தால் மூவரும் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். புதியவர் பெயரில் பேரேட்டில் புதுப் பக்கம் திறந்து, முதல் சில மாதம் ரொக்கத்துக்கே சரக்கு கொடுத்துப் பழகுவது நல்லது. அதேசமயம் முதல் தீபாவளிக்குத் தடுமாறும் புதியவருக்கு எந்தச் சரக்கு எவ்வளவு போகும் என்று சொல்லிக் கொடுப்பதும் நம் கடமை. தேவைக்கு மேல் சரக்கைத் தலையில் கட்டினால் அடுத்த தீபாவளிக்கு அவர் கடை இருக்காது.

விற்பவருக்கு

விற்க நினைப்பவர்கள் இரண்டு மூன்று வருடம் முன்னதாகவே தயாராக வேண்டும். எல்லா விற்பனையும் பில்லில் வரட்டும். ஆர்டர் நோட்டைத் தெளிவாக எழுதுங்கள். உங்கள் முகத்துக்காக வரும் வாடிக்கையாளரை மெல்ல மெல்லக் கடையின் பெயருக்குப் பழக்குங்கள். வேலையாளை முன்னிறுத்திச் சில ஆர்டர்களை நீங்கள் இல்லாமலே முடித்துப் பாருங்கள். நீங்கள் பத்து நாள் ஊரில் இல்லாதபோதும் நடக்கும் கடைக்குத்தான் நல்ல விலை கிடைக்கும். இருவர் உழைப்பில் மட்டும் ஓடும் கடைக்கு, எத்தனை வருடப் பெயர் இருந்தாலும், சரக்கு விலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

கைமாறும் பேச்சு நடக்கும்போது இரு தரப்பும் ஒரே மேஜையில் ஆர்டர் நோட்டை விரித்து வைத்துப் பேசட்டும். திரும்பி வரும் வாடிக்கையாளருக்கு மட்டும் விலை, அவர் வந்தபின் மீதி விலை என்ற இந்த ஒரு ஏற்பாட்டை ஒப்புக்கொண்டாலே பாதித் தகராறு தீர்ந்துவிடும். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடமும் ஆடிட்டரிடமும் காட்டிவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாயைச் செலவாக நினைக்காமல், கடைக்குப் போடும் முதலில் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.